பழசு எங்கே?

நவம்பர் 18, 2024, திங்கள்

புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: பழசு எங்கே?

புதுச்சேரி ரெயின்போ நகர் ஆயாவின் பேத்திக்கு நாளை மரீன் வீதி பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் புதிய பிரெஞ்சு பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள். புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஆனால் பழையதில் காலாவதியாகாத விசா இருந்தால், அது முடியும்வரை கையில் வைத்திருக்க பிரெஞ்சு விதியிலேயே இடம் உண்டு. நாம்தான் கேட்க வேண்டும். "உள்ளே போனதும் விசா பக்கத்தைத் திறந்து காட்டும்மா, அதுக்கப்புறம் கையெழுத்துப் போடு" என்று சொல்லி அனுப்பினேன். இரவு வாட்ஸ்அப்பில் மறுபடியும் அதையே அனுப்பினேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பழசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விசா பக்கத்தில் கீறல் இல்லை.

நவம்பர் 20, புதன்

கடலூர் முதுநகரிலிருந்து தங்கச்சி வந்திருந்தது. வீட்டுக்காரர் ரியாத்தில். மாமியாருக்கு டிசம்பர் 9 ஆபரேஷன், 7-ஆம் தேதிக்கு டிக்கெட். "புதுப் பாஸ்போர்ட் வந்து ஒரு மாசம் ஆச்சுண்ணே. கம்பெனியில நகல் குடுத்துட்டாராம், அதுவே போதும்னு சொல்றாரு."

எல்லாரும் இடறுவது இந்த ஒரு சொல்லில்தான். அங்கே சொல்வது நகல் மாலுமாத். அரபியில் 'நகல்' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது. 'மாலுமாத்' என்றால் தகவல்கள். பழைய எண்ணின் மேல் இருக்கும் இக்காமா (சவுதியில் தங்கும் அனுமதி) பதிவைப் புதிய எண்ணுக்கு மாற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் காதில் தமிழ் நகல் விழுகிறது. ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

கம்பெனி வேலையில் இருப்பவர் இதைத் தானே செய்ய முடியாது. முதலாளி தரப்பில், சவுதி இணையச் சேவைகளான முகீம் வழியாகவோ அப்ஷர் பிசினஸ் வழியாகவோ ஏற்ற வேண்டும்: புதிய எண், கொடுத்த தேதி, கொடுத்த இடம், முடியும் தேதி. குடும்பத்தை அங்கே வைத்திருப்பவர் மனைவி மக்களுடையதைத் தன் அப்ஷர் கணக்கிலேயே மாற்றலாம். ஏற்றியாயிற்றா என்பதை வாய்ச்சொல்லை நம்பி விடக் கூடாது. தன் அப்ஷரைத் திறந்தால் பாஸ்போர்ட் எண் தெரியும். அந்த இடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.

நவம்பர் 21, வியாழன்

விசாவைப் புதிய பாஸ்போர்ட் எண்ணுக்கு மாற்றக் கேட்கும் பேத்தியின் விண்ணப்பம் ஈ-எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் ஏறிவிட்டது. இரண்டரை மணி நேரம் ஆனது. பாதி நேரம் எண் சரிபார்க்கவே போனது.

குறுகிய சுற்றுலா என்றால் பழசையும் புதுசையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் போய்விடலாம். இவள் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து, பதிவு செய்து தங்கியிருப்பவள். பதிவு முழுக்கப் பழைய எண்ணில் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட்டில் விசாவும் இல்லை, வருகை முத்திரையும் இல்லை. அதை மட்டும் பார்ப்பவருக்கு இவள் இந்தியாவுக்குள் எப்படி வந்தாள் என்றே தெரியாது.

வைத்தவை: புகைப்படம், பழையதில் விவரப் பக்கம், விசா பக்கம், கடைசியாக இறங்கிய முத்திரை உள்ள பக்கம், புதியதின் விவரப் பக்கம், பழைய பதிவுச் சான்று, ஆயா வீட்டு மின்கட்டண ரசீது, ஆயாவின் அடையாள அட்டை, பேத்தி இங்கேதான் தங்கியிருக்கிறாள் என்று ஆயா கையெழுத்துப் போட்ட கடிதம். ஆயா தமிழில் கையெழுத்துப் போட்டது. அதுவும் செல்லும்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் எண் ஒன்பது இடம்: இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம். நம்முடையது எட்டு இடம்: ஓர் எழுத்து, ஏழு இலக்கம். பூஜ்யமா, ஓ-வா என்று சந்தேகம் வந்தால் மேலே அச்சடித்திருப்பதை உற்றுப் பார்த்துப் பயனில்லை. விவரப் பக்கத்தின் அடியில் கருவி படிக்கும் இரண்டு வரி இருக்கும். இரண்டாம் வரியின் முதல் ஒன்பது இடம்தான் எண். பத்தாவது இடத்தில் வருவது சரிபார்ப்பு இலக்கம். ஒன்பது இடத்தையும் 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் வரும் மீதி அது. எழுத்துகளுக்கு ஏ-க்கு 10, பி-க்கு 11 என்று மதிப்பு போகும். நம் எண்ணில் எட்டே இடம் என்பதால் ஒன்பதாவது இடத்தில் ஒரு அம்புக்குறி நிற்கும். அதற்கு மதிப்பு பூஜ்யம். தாளில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஓர் இலக்கம் தப்பினால் ஒரு மாதம் போய்விடும். நான் போட்டுப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ரியாத்திலிருந்து படம் வரவில்லை.

நவம்பர் 23, சனி

ஆயாவின் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) பற்றிப் பக்கத்து வீட்டில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் புது அட்டை போட வேண்டும், பத்தாயிரம் ஆகும் என்று. முன்னாள் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பங்களில் இந்தப் பயம் தலைமுறையாக இருக்கிறது. ஒரு காகிதம் தவறினால் பென்ஷனே நின்றுவிடும் என்பது போல.

2021-இலேயே இது தளர்ந்துவிட்டது. 20 வயது முடியும்வரை புதிய பாஸ்போர்ட் வரும்போதெல்லாம் தளத்தில் பாஸ்போர்ட் நகலும் படமும் ஏற்றினால் போதும். 50 வயது முடிந்தபின் வாங்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவை. காசு இல்லை. புதியது கிடைத்த மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். அது நிலுவையில் இருக்கும்போது பயணத்துக்குத் தடையும் இல்லை. அட்டையையே மாற்ற வேண்டியது ஒரு தடவைதான்: 20 வயதுக்கு முன் ஓசிஐ வாங்கியவர், 20 முடிந்து முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது. ஓசிஐயோடு பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த 'யூ' விசாவுக்காக அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதும் இல்லை.

ஆயாவுக்கு 50-க்குப் பிந்தையது எப்போதோ ஏற்றியாயிற்று. இனி ஒன்றும் வேண்டாம். இரண்டு தடவை சொன்னேன், நம்பவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

படம் வந்துவிட்டது. அப்ஷரில் புதிய எண்தான் இருக்கிறது, ஆனால் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறி. 47 இருக்க வேண்டிய இடத்தில் 74. தட்டியவர் ஒரு நொடி குனிந்து பார்த்திருந்தால் போதும். 12 நாள் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல்: போய்வரும் விசாவை (சவுதியை விட்டுப் போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி) கம்பெனி முன்பே எடுத்துவிட்டது, அதுவும் பழைய எண்ணின் மேல். இரண்டு மாதத்துக்கு 200 ரியால் கட்டியது. முறை இது: முதலில் நகல் மாலுமாத், அது அப்ஷரில் சரியாகத் தெரிந்தபின் போய்வரும் விசா. மாற்றிச் செய்தால் விசாவில் ஓர் எண், இக்காமாவில் ஓர் எண், கையில் இருப்பது ஓர் எண். இவருக்கு இப்போது மூன்றும் மூன்று.

செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி அனுப்பினேன். விசாவை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். எண்ணைத் திருத்தச் சொல்ல வேண்டும், புதிய பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சேர்த்து. கடைசிப் பக்கம் முக்கியம். அப்பா அம்மா பெயர், முகவரிக்குக் கீழே பழைய பாஸ்போர்ட் எண், தேதி, இடம் அச்சாகியிருக்கும். இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையது என்று நம் அரசாங்கமே சொல்லும் வரி அது. பலர் முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு அல்லாடுகிறார்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

மஞ்சக்குப்பத்து அப்பா ஒருவர் போன் செய்தார். மகன் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில். பழையதில் விசா இருக்கிறது, புதியதுக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டார். மாற்ற வேண்டாம். அங்கே விசாவைப் பெயர்த்து ஒட்டும் பழக்கமே இல்லை. இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும், பழையதிலிருந்து விசாவைப் பிரித்தெடுக்கவே கூடாது.

பதில் சொல்லிவிட்டு நான் கேட்டேன்: ஐ-94 (அமெரிக்காவில் எந்த நாள்வரை தங்கலாம் என்ற பதிவு) எந்தத் தேதிவரை? சில சமயம் இறக்கும் அதிகாரி வேலை அனுமதி முடியும் தேதியைப் போடாமல், பழைய பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நிறுத்திவிடுவார். புதிய பாஸ்போர்ட் வந்ததால் அந்தத் தேதி தானாக நீளாது. அதற்குள் வெளியே போய்ப் புதியதோடு திரும்ப இறங்க வேண்டும், இல்லை நீட்டிப்பு மனு போட வேண்டும். மகன் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பார்க்க வேண்டுமே என்று இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

பேத்தியின் விண்ணப்பத்துக்குக் கேள்வி வந்திருக்கிறது: வருகை முத்திரை தெளிவில்லை. நியாயம்தான். சென்னையில் குத்திய முத்திரை, அடுத்த பக்கத்துப் பச்சைக் கோலத்தின் மேல் பாதி ஏறி நிற்கிறது. போனில் எடுத்தால் தேதி மங்குகிறது. 600 டிபிஐ-இல் வண்ண ஸ்கேன் எடுத்து, முழுப் பக்கம் ஒன்று, முத்திரை மட்டும் ஒன்று என இரண்டு கோப்பு வைத்தேன். இருக்கட்டும் என்று பழைய பாஸ்போர்ட்டை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து அவளுக்கும் அனுப்பினேன்.

நவம்பர் 29, வெள்ளி

புயல் காற்று பிடித்துவிட்டது. ரியாத்தில் வெள்ளி விடுமுறை.

நவம்பர் 30, சனி

மின்சாரம் இல்லை. போனில் 31 சதவீதம்.

டிசம்பர் 1, ஞாயிறு

48 செ.மீ. மழையாம். ரெயின்போ நகர் முழுக்கத் தண்ணீர். ஆயா வீட்டில் இரும்பு பீரோவின் அடித்தட்டு மூழ்கிவிட்டது. காகிதமெல்லாம் அடித்தட்டில்.

டிசம்பர் 2, திங்கள்

புதியது பேத்தியின் தோள்பையில் இருந்திருக்கிறது, தப்பித்தது. பழையது நனைந்துவிட்டது.

வெயிலில் வைக்காதே, இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதே, முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம் என்று போனில் கத்தினேன். சூடு பட்டால் அட்டை வளையும், விசா ஒட்டுத்தாள் சுருங்கிப் பெயரும். துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் செருகி, தட்டையாக வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, அரை மணிக்கொரு முறை தாள் மாற்ற வேண்டும். செய்தித்தாள் கூடாது, அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் படம் அனுப்பினாள். விசா அப்படியே இருக்கிறது, அது அச்சு. வருகை முத்திரை ரப்பர் முத்திரை மை. ஊதாக் கறையாகப் பரவிக் கிடக்கிறது. தேதியில் மாதம் மட்டும் ஊகிக்கலாம். புதன்கிழமை எடுத்த ஸ்கேன் இல்லாவிட்டால் அந்த நாளைக் காட்ட இனி ஒன்றும் இல்லை.

தென்பெண்ணையில் வெள்ளம். முதுநகர் தங்கச்சி போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

எடுக்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

பேத்திக்கு அனுமதி மின்னஞ்சலில் வந்துவிட்டது. புதிய எண், விசா விவரம், தேதி எல்லாம் சரி. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன். இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றைப் புதிய பாஸ்போர்ட்டுக்குள் வைக்கச் சொன்னேன். நனைந்ததைத் தூக்கிப் போடலாமா என்று ஆயா கேட்கிறது. கூடவே கூடாது. ஒட்டிய விசா அதில்தான் இருக்கிறது.

மதியம் தங்கச்சி பேசியது. மாடியில் இருந்திருக்கிறார்கள், போனில் சார்ஜ் இல்லை. எல்லாரும் நலம். பேசி முடிக்கும் முன் அதுவே சொன்னது: "அண்ணே, 47 ஆயிடுச்சாம்."

டிசம்பர் 5, வியாழன்

போய்வரும் விசா புதிய எண்ணில் எடுத்துவிட்டார்கள். தாளை அனுப்பினார். பெயர், இக்காமா எண், பாஸ்போர்ட் எண், திரும்பி வர வேண்டிய கடைசி நாள். 7, 3, 1 போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது.

டிசம்பர் 6, வெள்ளி

அவருக்கு அனுப்பியது: இரண்டு பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. கவுண்டரில் புதியதை மட்டும் நீட்டு. பழைய எண்ணைக் கேட்டால் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டு, அதற்குப் பிறகு பழசை எடு. பழசை ரத்து செய்து மூலை வெட்டியிருப்பதைப் பார்த்து யாராவது செல்லாது என்றால் தகராறு வேண்டாம். செல்லாதுதான், பழைய எண்ணுக்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன் என்று சொல்.

பதில்: "சரி மாமா. பழசு ரூம்ல இருக்கு, எடுத்துக்குறேன்."

டிசம்பர் 7, சனி

காலை 5:10. எடுத்தாயா என்று கேட்டு அனுப்பினேன். ஒற்றை டிக்.