சிலோன் அக்கா வீட்டுக் குரோஷாப் பின்னல் கூட்டம்

தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. பாலாற்றைப் பார்த்தால் முதலாவது பெரும்பாலான மாதங்களில் உண்மைதான். மூன்றாவது 1981-லேயே பொய்யாகிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மறுபடியும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நடுவில் இருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இந்தக் கோட்டையில்தான் சிறையிருந்தான். 1815-ல் பிடிபட்டவனை அடுத்த ஆண்டு குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் அவனுக்கு நினைவிடமும் இருக்கிறது. எனக்கு முன்பே இலங்கையிலிருந்து வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் வேலூரிலேயே தங்கிவிட்ட ஒருவர் இருந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அவர் ராஜா, நான் மன்னார்க் கரையில் வாடி என்னும் குடிசை போட்டு மீன் காயவைத்தவரின் மகள். கணக்கெடுப்புப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே வரிதான் கிடைத்திருக்கும்.

1990 ஜூனில் மறுபடியும் சண்டை மூண்டது. பேசாலைப் பக்கமிருந்து படகேறியவர்களில் நாங்களும் இருந்தோம். இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு வேலூருக்கு அருகே மேல்மொணவூர். அந்தப் பயணத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். எனவே கடலை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னும், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை மடியில் முடிந்துகொண்டு கடல் கடந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஊசி ஊரிலேயே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் பீடத்துணிக்கு ஓரம் பின்னக் கற்றுக்கொடுத்தது மட்டும் விரலில் இருந்தது. வேலூர் லாங்கு பஜாரில் வளையலும் ரிப்பனும் விற்கும் ஒரு கடையில் எஃகு ஊசி ஒன்றும் வெள்ளைப் பருத்தி நூல் ஓர் உருண்டையும் வாங்கினேன். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அரிசி வாங்கப் போனவள் நூலோடு வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் யோசித்துப் பார்த்தால், பத்துக்குப் பத்து அடி வீட்டில் குடியிருக்கும் ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை கிடையாது. தையல் எந்திரம் வைக்க இடம் வேண்டும், பாய் பின்ன முற்றம் வேண்டும், எம்பிராய்டரிக்குச் சட்டம் வேண்டும். இதற்கு ஓர் ஊசி, ஒரு நூல். மின்சாரம் போனாலும் கை நிற்காது. அதிகாரி பெயர் கூப்பிடும் வரை வரிசையில் நின்றுகொண்டே நாலு வரி போடலாம். பிடிக்கவில்லை என்றால் இழுத்தால் போதும், அத்தனையும் நூலாகத் திரும்பி வந்துவிடும். ஒரு முழம்கூட வீணாகாது. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கார்க் நகரத்துக் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்கு இதையே கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் கையோடு அந்த வேலையையும் கொண்டுபோனார்கள். இதை வாசித்த அன்று, எனக்குப் பின்னல் சொல்லித்தந்த சிஸ்டரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு யார் சொல்லித்தந்தார்களோ.

முகாமுக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி பஸ் நிறுத்தத்தில் கிடைத்தார். அவர் குடியாத்தம் பக்கத்துக்காரர், பீடி சுற்றுகிறவர். என் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதற்கு ஆயிரத்துக்கு எவ்வளவு கூலி தருகிறார்கள்?” என்று கேட்டார். கூலி இல்லை, சும்மாதான் பின்னுகிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பீடி சுற்றும் விரல்களுக்கு இழுப்பு தெரியும். இலையை எவ்வளவு இறுக்கினால் கிழியாது, எவ்வளவு தளர்த்தினால் தூள் கொட்டும் என்று ஓயாமல் பழகிய விரல்கள் அவை. மற்றவர்களுக்குக் கண்ணிக்குள் கண்ணியாக இழுக்கும் முதல் சங்கிலி ஒரே அளவாக வருவதற்கே நாளாகும். அவருக்கு பஸ் வருவதற்குள் வந்துவிட்டது. அந்த அக்காதான் பிறகு ஊருக்குள் என்னைக் கூட்டிப்போனார். எனக்குச் சிலோன் அக்கா என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

கூட்டம் என்று யாரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, குழாயில் தண்ணீர் வருவதற்கும் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கும் முந்தைய நேரத்தில் ஒருவர் வந்தார், அடுத்து இருவர் வந்தார்கள். வேலூர் வெயிலில் அந்த நேரத்துக்கு வெளியே வேறு வேலையும் பார்க்க முடியாது. இந்த ஊர் வெப்பத்துக்குக் கம்பளி நூல் ஆகாது. கையில் வியர்வையோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூல்தான். முதலில் எல்லோரும் பின்னியது வாசல் தோரணம், டிவி மேல் போடும் விரிப்பு, பால் சொம்புக்கு ஓரத்தில் மணி கோத்த மூடி. டிவிகள் சுவருக்குப் போய்த் தட்டையாகிவிட்ட பிறகு விரிப்புக்கு மதிப்பில்லாமல் போனது. மணி வைத்த மூடிக்கு மட்டும் இன்றும் ஆள் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில்கூடக் கேட்கிறார்கள்.

பாயம்மா வந்த பிறகுதான் கூட்டத்துக்கு ஒரு கண்டிப்பு வந்தது. அவருடைய வீட்டுக்காரருக்கும் மகன்களுக்கும் தொழுகைத் தொப்பி வேண்டும். கடைத் தொப்பி ஒரே மாதத்தில் தொய்ந்துவிடுகிறதாம். எனக்குத் தொப்பி தெரியாது. பீடத்துணி ஓரம் பின்னியவள் நான். இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். நடுவில் ஒரு சிறு வளையம், அதற்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டு தட்டையாக வரும். உச்சந்தலையை மூடும் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் வரும் சுற்றுகள் தாமாகக் கீழே மடங்கிச் சுவராகும். எங்கே நிறுத்துவது என்பதுதான் முழு வித்தை. ஒரு சுற்று முன்னே நிறுத்தினால் தலையில் ஏறாது, ஒரு சுற்று தள்ளிப்போனால் காதுக்கு வந்துவிடும். பாயம்மா அளவு நாடாவை நம்ப மாட்டார். தன் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டை அவன் தலையில் வைத்து, நாலு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்து, “இன்னும் ஒன்று” என்பார். அந்தப் பையன் தறித்தூணாக அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

ஆறுக்கு மேல் கூட்டினால் என்னாகும் என்று என் மகள் வயிற்றுப் பேரன் கேட்டான். ஓரம் முழுவதும் அலை அலையாகச் சுருண்டு, கோழிக்கொண்டைப் பூவாகிவிடும். அவன் இன்ஜினியரிங் படிக்கிறவன். கணிதத்தில் அப்படி ஒரு வளைந்த பரப்பு உண்டு, அதைக் காகிதத்தில் காட்டுவது கடினம், டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை 1997-ல் குரோஷா ஊசியால் பின்னித்தான் மாணவர்களுக்குக் காட்டினார் என்று செல்பேசியில் படம் எடுத்துக் காட்டினான். பீடி அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, “இதைப் போய்ப் பிரித்துப் போடச் சொன்னாயே” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் முதன்முதலில் பின்னிய தட்டு அப்படித்தான் சுருண்டது.

வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது சி.எம்.சி. மருத்துவமனைக்கு அலைந்த காலம் ஒன்று உண்டு. 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று ஓர் ஊராகவே இருக்கிறது. எதிரே உள்ள தெருக்களில் கடைப்பலகைகள் வங்காளத்தில் எழுதியிருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். காத்திருக்கும் பெஞ்சில் நான் பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு வங்காள அம்மா. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. என் கையிலிருந்ததை எடுத்தார். நான் போட்டிருந்த வரிக்கு மேலே ஒரு வரி போட்டார். ஐந்து கால்களை, அதாவது உயரமான கண்ணிகளை, ஒரே கண்ணிக்குள் இறக்கி, ஊசியை வெளியே எடுத்து, முதல் காலின் தலைக்குள் விட்டு, கழற்றிய கண்ணியை அதன் வழியாக இழுத்தார். ஐந்தும் சேர்ந்து ஒரு சின்ன மொட்டாகப் புடைத்து நின்றது. நான் செய்து காட்டினேன். தலையசைத்தார். மறுபடி செய்யச் சொன்னார். டோக்கன் எண் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார். அந்த மொட்டு இப்போது மேல்மொணவூரைச் சுற்றி எத்தனையோ தோரணங்களில் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அதற்குக் கல்கத்தா மொட்டு என்று பெயர்.

இந்த ஊரில் எனக்குக் கால் ஊன்ற முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கண்டி அரசன், அதே கோட்டையில் அடைக்கப்பட்ட திப்பு சுல்தானின் பிள்ளைகள், அமெரிக்க டாக்டர்கள், வங்காள நோயாளிகள் என்று வெளியிலிருந்து வந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாகச் சாப்பிட்டாயா என்று கேட்கும். ஆனால் ஊர் பழகியிருந்தால் மட்டும் போதாது. வந்தவளிடமும் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். பதிவு, தணிக்கை, மாத உதவித்தொகை என்று எல்லாவற்றிலும் நான் கை நீட்டுகிறவளாகவே இருந்தேன். கண்ணி எண்ணிச் சொல்லித்தரும் நேரத்தில் மட்டும் அப்படி இல்லை.

விற்கவில்லையா என்று கேட்பார்கள். ஒரு வியாபாரி வந்தார், மேசை விரிப்புக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பாயம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஸ்வெட்டரை எந்திரம் பின்னும், கைக் குரோஷாவை அப்படியே பின்னும் எந்திரம் இன்னும் தொழிற்சாலைக்கு வரவில்லை. கடையில் குரோஷாத் துணி மலிவாகக் கிடைத்தால் யாரோ ஒருத்தியின் விரலுக்குக் கூலி போகவில்லை என்று பொருள். ஆந்திராவின் நர்சாபூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டிலிருந்தே லேஸ் பின்னுகிறார்கள். அவர்களின் வேலைநேர்த்தியைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும், கூலியைக் கேட்டால் கோபம் வரும். நாங்கள் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கொடுப்பதோடு சரி. அவசரத்துக்குக் காசு வேண்டியவர்கள் ஆர்டர் எடுப்பார்கள். அதற்கு மற்றவர்கள் நூல் சுற்றிக் கொடுப்போம்.

2016-ல் சென்னையில் பெண்கள் ஒன்றுகூடி 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை செய்து கின்னஸில் இடம்பெற்ற செய்தி எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. அவ்வளவு பெரிய போர்வையை யார் போர்த்துவது என்பது பாயம்மாவின் கேள்வி. பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று சொன்ன பிறகே சமாதானமானார்.

2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் முதலமைச்சர் மேல்மொணவூருக்கு வந்து புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2023-ல் வீடுகள் திறக்கப்பட்டன. குடியுரிமை விஷயம் வேறு. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம், என் மகள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனாலும் கதவு என்று ஒன்று, அதில் உள்ளே தாழ்ப்பாள், தனியாகச் சமையலறை. பால் காய்ச்சிய அன்று ஊருக்குள்ளிருந்து கூட்டம் முழுவதும் வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தோரணம், ஒன்றின் நீளம் மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. யாருடையதை முன்வாசலில் கட்டுவது என்று கேட்டு மனஸ்தாபம் வரும்போல் இருந்ததால், இரண்டை வாசலிலும், மீதியை ஜன்னல், சமையலறை, குளியலறைக் கதவு வரைக்கும் கட்டினோம்.

தற்போது பீடி அக்காவின் பேத்தி கல்யாணத்துக்குக் கட்டில் விரிப்பு நடக்கிறது. ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னிக் கடைசியில் இணைக்க வேண்டும். பச்சை நூல் பாதியில் தீர்ந்துவிட்டது. அடுத்து வாங்கி வந்த உருண்டை, பெயருக்குத்தான் அதே பச்சை. பக்கத்தில் வைத்தால் இது வாழையிலை, அது வேப்பிலை. லேபிளில் நிறத்தின் எண்ணுக்குக் கீழே சாயம் போட்ட தொகுதிக்கு இன்னோர் எண் சிறிதாக இருக்கும், இரண்டும் ஒத்துவந்தால்தான் நிறம் சேரும். பழைய லேபிளைக் கிழித்துப் போட்டது யார் என்று விசாரணை நடக்கிறது. பேரன், தான் இல்லை என்கிறான். பாயம்மா வேப்பிலைப் பச்சையை ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். பீடி அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை லாங்கு பஜாருக்கு அவரே வருகிறாராம், கடைக்காரரிடம் தானே பேசிக்கொள்வாராம்.