அலுமினியத் தகட்டில் லேசர் பொறிப்பு: ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்காக நான் செய்தது

சொந்தமாகச் செய்த ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு முகப்புத் தகடு தேவைப்பட்டது. குமிழ்களைச் சுற்றி 0 முதல் 10 வரை அளவுக்கோடுகள், சுவிட்சுகளுக்குக் கீழே எழுத்து, ஓரம் முழுக்க ஒரு கொடிப் பின்னல். ஸ்டிக்கர் ஒட்டினால் கொஞ்ச நாளில் ஓரம் உரிந்துவிடும், ஒற்றைத் தகட்டுக்காக ஸ்க்ரீன் பிரிண்டிங் போவது கட்டுப்படியாகாது, கையில் ஏற்கெனவே 10 வாட் நீல டயோடு லேசர் இருந்தது, சரி, அதிலேயே செய்வோம் என்று இறங்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூச்சு எதுவும் இல்லாத வெறும் அலுமினியம் இந்த மாதிரி லேசருக்கு அசைந்து கொடுக்காது. மரத்தையும் தோலையும் கருக்குகிற அதே கதிர், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் பட்டால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திரும்பிப் போய்விடும். உள்ளே இறங்குகிற கொஞ்ச நஞ்ச வெப்பத்தையும் உலோகம் நொடியில் சுற்றிலும் பரப்பிவிடும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகுகிற உலோகம்தான், ஆனால் அந்தச் சூட்டை ஒரு புள்ளியில் நிறுத்தி வைப்பதுதான் பாடு. கார்பன் டை ஆக்சைடு லேசர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், அங்கே அலுமினியம் ஏறக்குறைய முழுக் கண்ணாடியாகவே நடந்துகொள்கிறது. (அந்த லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், இன்றும் அக்ரிலிக், மரம் வெட்டும் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.)

ஆகவே முகப்புக்கு நான் எடுத்தது கறுப்பு அனோடைஸ் செய்த 2 மி.மீ. தகடு. அனோடைஸ் என்பது பெயின்ட் இல்லை. அமிலக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, உலோகத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுகிறார்கள். அலங்காரத் தகடுகளில் அந்த அடுக்கு பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய, அந்தத் துளைகளுக்குள் சாயத்தை ஊறவைத்து மேலே மூடிவிடுகிறார்கள். லேசர் செய்வதெல்லாம் அந்தச் சாயத்தை வெளுக்க வைப்பதுதான், ஆக்சைடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனால் விரலால் தடவினால்கூட மேடு பள்ளம் தெரியாது. உலோகத்தைக் குடைந்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இதில் எதுவும் இல்லை, ஆனால் முகப்பு எழுத்துக்கு இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது. ஒரே சிக்கல், எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு இல்லை. சில தகடுகளில் சாயத்துக்குப் பதிலாக உலோக உப்பைக் கொண்டு நிறம் ஏற்றியிருப்பார்கள், அவை பளிச்சென்று வெளுக்காமல் மங்கலாக நின்றுவிடும். வாங்கும் முன் ஒரு மூலைத் துண்டில் சோதித்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

வடிவமைப்பில் நேரம் போனது எழுத்தில் இல்லை, கொடியில். கறுப்புத் தகட்டில் லேசர் பட்ட இடம் வெளுக்கும், ஆக மனதில் நாம் வழக்கமாக நினைக்கிற கறுப்பு வெள்ளைக்கு இது நேர் எதிர். இலைகளுக்கு நிழல் கொடுத்து வரைந்திருந்ததை நெகட்டிவாகத் திருப்பினேன், திருப்பியதும் நிழலும் வெளிச்சமும் இடம் மாறி இலையெல்லாம் குழிந்து தெரிந்தது, கடைசியில் நிழலே வேண்டாம் என்று வெறும் கோட்டு ஓவியமாக மாற்றிக்கொண்டேன். சாம்பல் தொனி இந்த வேலையில் நடைமுறைக்கு ஒத்துவராது. சாயம் ஒன்று இருக்கும், அல்லது வெளுத்துவிடும், நடுவில் நிற்பது அபூர்வம். படம்தான் வேண்டும் என்றால் அதைப் புள்ளிகளாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, டயோடு லேசரின் ஒளிப்புள்ளி வட்டமாக இருக்காது, நீள்சதுரமாக இருக்கும். அதனால் மெல்லிய கோட்டை ஒரே இழுப்பில் போட்டால் கிடைக்கோடு ஒரு தடிமனிலும் செங்குத்துக் கோடு வேறு தடிமனிலும் வரும். குமிழைச் சுற்றிய அளவுக்கோடுகளில் இது அசிங்கமாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டையும் 0.3 மி.மீ. அகலமுள்ள பட்டையாக மாற்றி, உள்ளே நிரப்பும்படி வைத்ததில் இந்தத் தொல்லை போனது.

ஃபோகஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எழுத்து மங்கலாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பவரில் இல்லை, இங்கேதான். இயந்திரத்தோடு வரும் அளவுக் கட்டையை நம்பி நிறுத்திவிடாமல், ஒரு வேண்டாத துண்டை ஒரு முனையில் சில மி.மீ. உயர்த்திச் சாய்த்து வைத்து, அதன் நீளத்துக்கு ஒரே கோடு போட்டுப் பாருங்கள். கோடு ஒரு முனையில் தடித்து, நடுவில் எங்கோ மயிரிழையாக மெலிந்து, மறுபடி தடிக்கும். மெலிந்த இடத்தின் உயரம்தான் உண்மையான ஃபோகஸ். என் இயந்திரத்தில் அது கட்டை காட்டிய உயரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே இருந்தது. மரத்தில் இந்த ஒரு மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது.

அப்புறம் சோதனைக் கட்டம். படுக்கை வரிசையில் வேகம், செங்குத்தில் பவர் என்று சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரே தகட்டில் போட்டுப் பார்ப்பது. எனக்கு நன்றாக வந்தது 70 சதவீதப் பவரும் நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகமும், வரிகளுக்கு இடையே 0.08 மி.மீ. இடைவெளியும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், சாயம் மாறினால் எண்ணும் மாறும். கட்டத்தில் கவனிக்க வேண்டியது, பவரை ஏற்ற ஏற்ற வெண்மை கூடிக்கொண்டே போகாது என்பதைத்தான். ஒரு எல்லை வரை பளிச்சென்று ஏறும், அதைத் தாண்டினால் ஆக்சைடு அடுக்கே சேதமாகி, மேற்பரப்பு சொரசொரத்து, நிறம் மறுபடி அழுக்காக இறங்கும். உச்சியைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொள்வது நல்லது.

தகட்டை இடம் பார்த்து வைக்க, முதலில் இயந்திரத்தின் படுகையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, தகட்டின் வெளிக்கோட்டைக் குறைந்த பவரில் அதன் மேல் வரைந்தேன், பிறகு தகட்டை அந்தக் கோட்டுக்குள் பொருத்தி ஓரங்களை டேப்பால் பிடித்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்த பின் தகட்டை வெறுங்கையால் தொடவில்லை. முகப்பு ஒரே ஓட்டத்தில் முடிந்தது, ஈரத்துணியால் துடைத்ததும் எழுத்து வெள்ளி நிறத்தில் நின்றது.

பின்பக்கத் தகடுதான் வேறு கதை. மண்ணிணைப்பு (எர்த்) நன்றாகக் கிடைக்க வேண்டும் என்பதால் அதை வெறும் அலுமினியமாகவே வைத்திருந்தேன், அனோடைஸ் அடுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு நண்பர் ஒருவரின் பட்டறையில் இருந்த 20 வாட் ஃபைபர் லேசரை நாடினேன். ஃபைபர் லேசரின் அலைநீளத்தை உலோகம் நன்றாக உறிஞ்சுகிறது, அதனால்தான் வேலை செய்கிறது என்று பலர் சொல்வார்கள். அலுமினியத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான், அந்த லேசரின் அலைநீளமான 1064 நானோமீட்டரிலும் அலுமினியம் பெரும்பகுதியைத் திருப்பித்தான் அனுப்புகிறது. வித்தியாசம் துடிப்பில் இருக்கிறது. 20 வாட்டை நொடிக்கு 20,000 துடிப்புகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிஜூல், அதை 100 நானோநொடிக்குள் கொட்டினால் அந்தக் கணத்துக்கு மட்டும் 10,000 வாட். வெப்பம் பரவ நேரமே கிடைக்காமல் அந்தப் புள்ளி உருகி ஆவியாகிவிடுகிறது. என் டயோடு லேசர் 10 வாட்டை இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்த உச்சத்தை எட்டவே எட்டாது.

ஆழமாகப் பொறிக்க ஒரே இடத்தில் பல சுற்று போக வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் நிரப்புக் கோட்டின் கோணத்தைத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தின் அடியில் உழுத வயல் மாதிரி வரிவரியாக நிற்கும். நடுநடுவே குறைந்த பவரில் வேகமாக ஒரு சுத்தப்படுத்தும் சுற்று ஓட்டினால் உருகி ஒட்டிய துகள்கள் கழன்று போகும். அவசரப்பட்டுத் தொடர்ந்து ஓட்டினால் மெல்லிய தகடு சூட்டில் வளைந்து ஃபோகஸ் போய்விடும், இடைவெளி விட்டுத்தான் ஓட்டினோம்.

பாதுகாப்பில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. நீல லேசருக்கு வாங்கிய கண்ணாடி ஃபைபர் லேசருக்கு உதவாது, அலைநீளத்துக்கு ஏற்றதாகவும் போதுமான தடுப்பு அளவு உள்ளதாகவும் இருக்க வேண்டும். 1064 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது, அதனால் சிமிட்டித் தப்பவும் முடியாது, பளபளக்கும் அலுமினியமோ அதை நேராக முகத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடியது. மூடியுள்ள பெட்டிக்குள் ஓட்டுவதே சரி. ஆழப் பொறிப்பில் பறக்கும் அலுமினியத் தூள் மூச்சுக்கும் கெடுதல், தீப்பிடிக்கவும் செய்யும். புகையை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், படிந்த தூளைக் காற்றடித்துக் கிளப்பாமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும்.

வெறும் அலுமினியத்தில் வருகிற பொறிப்பு சாம்பல் நிறம்தான், ஒரு கோணத்தில் தெரியும், மறு கோணத்தில் மறைந்துபோகும். துடிப்பின் நீளத்தை மாற்றக்கூடிய மோப்பா வகை ஃபைபர் லேசர் இருந்தால் நிறமேற்றாத அனோடைஸ் தகட்டில் நல்ல கறுப்பே எடுக்கலாம், வெறும் உலோகத்தில் அது அவ்வளவாக எடுபடாது. அதனால் பள்ளத்தில் கறுப்பு எனாமல் பெயின்ட்டை நிரப்பி, லேசாக இறுகியதும் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் மேற்பரப்பை வழித்தேன். மிச்சத்தைத் துடைக்கும்போது துணியை விரலில் சுற்றாமல் ஒரு தட்டையான மரக்கட்டையில் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், விரல் பள்ளத்துக்குள் அமுங்கிப் பெயின்ட்டைப் பிடுங்கிவிடும்.