கொக்கி தைக்கும் நேரம்

17.12.2024, செவ்வாய்

மார்கழி பிறந்ததுமே பொங்கல் தையல் குவிய ஆரம்பித்துவிட்டது. எஃப்.எம்.மில் விளம்பரம் தாங்கவில்லை என்று அக்கா கடை ரேடியோவைத் திருச்சி வானொலிக்குத் திருப்பிவிட்டார். யாரோ ஒரு அம்மா ஆலாபனை செய்துகொண்டிருந்தார். "வேற வைங்கக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விட்ட இடத்தை வயலின் பிடித்து, அதே வளைவில் இழுத்துப் பதில் சொன்னது. அந்த அம்மா அதற்கும் மேலே போனார். கச்சேரி முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

20.12.2024, வெள்ளி

திருச்சி வானொலி வரும் மீடியம் வேவில் ஒரு தொல்லை உண்டு. மிஷின் மோட்டார் ஓடினால் ரேடியோ கரகரக்கிறது. அதனால் காஜா, கொக்கி, ஹெம்மிங், சேலைக்கு ஃபால்ஸ் என்று கைவேலையை எல்லாம் கச்சேரி நேரத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

அறிவிப்பாளர் ராகம், தாளம், இயற்றியவர் என எல்லாம் சொல்லிவிடுகிறார். சாக்பீஸால் வெட்டும் பலகை ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். இன்று மோகனம். ரவிக்கை வாங்க வந்த பாட்டு டீச்சர் பலகையைப் பார்த்துவிட்டு, "இதுல அஞ்சே சுரம்தான்மா. மவும் நியும் கிடையாது" என்றார். அஞ்சு சுரத்திலா இவ்வளவு வெளிச்சம்!

27.12.2024, வெள்ளி

ஆதி தாளம் போடக் கற்றுக்கொண்டேன். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டி வீசி, தட்டி வீசி. மொத்தம் எட்டு. பாட்டின் நடுவே மிருதங்கம் மட்டும் வாசிக்கும் 'தனி' வந்தபோது ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் தொடையில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரே கோர்வையை, அதாவது கணக்காகக் கோத்த தாளச் சொற்கட்டை, மூன்று முறை வாசித்து, பாட்டு எடுத்த இடத்திலேயே சரியாக வந்து விழுகிறார்கள். முன்னெல்லாம் தனி என்றால் சும்மா சத்தம் என்று நினைத்திருந்தேன். கணக்குத் தெரிந்தபின் மயிர்க்கூச்செறிகிறது.

03.01.2025, வெள்ளி

டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் பழைய ஒலிப்பதிவு. நாகசுரத்தில் தோடி ராகம். அவர் 1956-லேயே மறைந்துவிட்டார். பதிவில் இரைச்சல் இருந்தது, ஆனாலும் அந்த மூச்சின் நீளம் குறையவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடும் அவசரத்தில் இந்த வாத்தியத்தை எத்தனை பேர் கவனிக்காமல் கடந்துபோகிறோம்! போனில் என்றால் இரண்டாவது நிமிஷமே விரல் அடுத்ததற்குத் தாவியிருக்கும். ரேடியோவில் தள்ளிவிட வழியில்லை. ராகம் தன் வேகத்தில்தான் வரும், நாம்தான் காத்திருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

11.01.2025, சனி

பொங்கல் அவசரம். நாள் முழுக்க மோட்டார்தான், ரேடியோ இல்லை.

18.01.2025, சனி

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. அவர் சித்தியடைந்தது 1847-ல். அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தை ரேடியோவில் நேரலையாகக் கேட்டோம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களிலும் வரிசையாக. எல்லாமே ஆதி தாளம், அதனால் கை தடுமாறவில்லை. எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆரபி வந்ததும் அக்கா தலையாட்ட ஆரம்பித்தார். அத்தனை பேர் சேர்ந்து பாடும்போது குரல்கள் முன்னே பின்னே போகின்றன. எனக்கு அதுதான் நெருக்கமாக இருந்தது, நாமும் நடுவே போய் உட்காரலாம் என்பதுபோல.

21.01.2025, செவ்வாய்

சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் மத்தியமம் என்கிற 'ம' சுரம் ஒன்றுதான் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். பலகையில் இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இனி எது வந்தாலும் அந்த 'ம'வைத்தான் தேடப்போகிறேன்.