இத்தாலிய மொழியில் பேச ஆள் தேடிய அனுபவம்

இத்தாலிய மொழி புத்தகத்தில் இருக்கும்வரை சாதுவாகத்தான் இருக்கிறது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். வினைத்திரிபு அட்டவணைகளை உருப்போட்டுவிடலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் 'இல் போஸ்ட்' போன்ற இணைய நாளிதழின் கட்டுரையைக்கூட முடித்துவிடலாம். வாயைத் திறக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இந்த வினைக்குத் துணைவினை 'எஸ்ஸெரெ'யா 'அவேரெ'யா, இந்தப் பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா, அதற்கேற்ப உரிச்சொல்லின் ஈறு என்ன என்று மனம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போயிருப்பார். பி1 எனப்படும் இடைநிலைக்கு வந்த பிறகும் நான் நின்றது இந்த இடத்தில்தான். இன்னொரு இலக்கணப் புத்தகத்தால் இது தீராது, பேச்சுத்துணைதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் இதற்கு வழிகள் பல. டாண்டம், ஹலோடாக் போன்ற செயலிகளில் நீங்கள் அறிந்த மொழியையும் கற்கும் மொழியையும் குறிப்பிட்டால், அதற்கு நேர்மாறான தேவை உள்ளவர்களைக் காட்டும். கான்வர்சேஷன் எக்ஸ்சேஞ்ச் என்ற தளம் பார்வைக்குப் பழைய பாணி. படமும் பகட்டும் இல்லாத வெறும் பட்டியல். ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் நாலு வரி ஒழுங்காக எழுதிவிட்டு வருகிறார்கள். எனக்கு நிலைத்த துணைகளில் பாதிப் பேர் அந்தப் பட்டியலிலிருந்து கிடைத்தவர்கள் என்பதால், அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

முதலில் உறுத்திய கேள்வி, பதிலுக்கு நான் என்ன கொடுப்பது என்பதுதான். மொழிப் பரிமாற்றம் என்றாலே கொடுக்கல் வாங்கல். தமிழ் கற்க விரும்பும் இத்தாலியர் அரிதாகவே கண்ணில் படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேடுவது ஆங்கிலம். நம் ஆங்கிலமோ பள்ளியில் கற்றது. லண்டன்காரரையும் நியூயார்க்காரரையும் விட்டுவிட்டு என்னிடம் யார் வருவார்கள் என்ற தயக்கம் இருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் வேண்டும் என்று சுயவிவரத்திலேயே எழுதிவைத்திருப்பவர்கள் உண்டு, அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்களோடு பேசிப் பார்த்தபோதுதான் எதிர்ப்பக்கத்திலும் அதே தயக்கம் இருப்பது புரிந்தது. நேர்முகத் தேர்வுக்கோ ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கோ தயாராகும் ஓர் இத்தாலியருக்கு, சரளமாகப் பொழியும் ஆங்கிலேயரிடம் பேசுவதென்றால் நடுக்கம். ஆங்கிலத்தை விதி விதியாகக் கற்று மேலே வந்த ஒருவரிடம் அந்த நடுக்கம் இல்லை. 'இங்கே ஏன் இந்தக் காலம் வருகிறது?' என்று அவர்கள் கேட்டால் நம்மால் காரணம் சொல்ல முடிகிறது. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் பல நேரம் 'அது அப்படித்தான்' என்று முடித்துவிடுகிறார். கற்றுத் தேர்ந்த ஆங்கிலம் இந்தச் சந்தையில் செல்லும் காசுதான்.

அது தெளிவான பிறகு சுயவிவரம் எழுதுவது எளிதாயிற்று. 'இத்தாலிய மொழி கற்கிறேன், யாராவது உதவுங்கள்' என்ற வரிக்கு யாரும் அசைவதில்லை. அது சம்பளமில்லாத ஆசிரியரைத் தேடும் விளம்பரம். என் நிலை பி1, வாரத்தில் எந்த நாட்களில் எவ்வளவு நேரம் பேச முடியும், பாதி நேரம் இத்தாலியம் பாதி நேரம் ஆங்கிலம், வேலைக்கான நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் பயிற்சி தர முடியும், பேசப் பிடித்தவை பழைய திரைப்படங்களும் ரயில் பயணங்களும் என்று இத்தாலிய மொழியிலேயே எழுதினேன். ரயில் என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். தாமதமாக வரும் ரயிலைப் பற்றி ஓர் இத்தாலியரைக் கேட்டுவிட்டால், அதன்பின் உரையாடலை நாம் தள்ள வேண்டியதில்லை.

முதல் செய்தியிலும் கவனம் வேண்டும். 'சாவ், கோமெ ஸ்தாய்' என்ற நலம் விசாரிப்பு அவர்களுக்கு நாள் முழுக்க வந்து குவிகிறது. அவருடைய சுயவிவரத்தில் உள்ள ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி, என்னைப் பற்றி இரண்டு வரி, எப்போது பேசலாம் என்ற யோசனை, இவ்வளவு போதும். பலர் பதில் எழுத மாட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொள்வதில் பொருளில்லை. அண்மையில் செயலிக்கு வந்து போனவர்களுக்கு மட்டும் எழுதினால் ஏமாற்றம் குறையும்.

வேறு வகையினரும் உண்டு. இரண்டாவது செய்தியிலேயே புகைப்படம் கேட்பவர், வேறு செயலிக்கு வரச்சொல்லி அவசரப்படுத்துபவர், மொழியில் தொடங்கி முதலீட்டுக்குத் தாவுபவர். பெண்களுக்கு இந்தத் தொல்லை பல மடங்கு. தம் பாலினத்தவருக்கு மட்டுமே சுயவிவரம் தெரியும்படி அமைக்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரு முறையாவது அழைப்பில் பேசி, இரண்டு மொழிகளிலும் உருப்படியாக உரையாடிய பிறகுதான் கைபேசி எண் என்பது என் விதி. அதற்கு முன் எண் கேட்டு வற்புறுத்துபவரை அப்போதே தடைசெய்துவிடுவேன்.

எழுத்தில் அறிமுகமான உடனே வீடியோ அழைப்புக்குத் தாவாமல் இருப்பதற்கு நடுவில் நல்ல படிக்கட்டு ஒன்று இருக்கிறது: குரல் செய்தி. இத்தாலியர்கள் இதை 'வொகாலெ' என்கிறார்கள்; தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு நிமிடக்கணக்கில் பேசி அனுப்பிவிடுவார்கள். கற்பவருக்கு அது வரம். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், நம் பதிலை ஒத்திகை பார்த்து அனுப்பலாம். அவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் போடும் 'அல்லோரா'வும் (அப்படியென்றால்) 'ச்சோயே'யும் (அதாவது) பாடப்புத்தகத்தைவிட இந்தக் குரல் செய்திகளிலிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டன. யோசிக்க நேரம் வேண்டும்போது அவை பெரிய உதவி.

அழைப்பு என்று வந்துவிட்டால் கடிகாரம் கட்டாயம். இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கடிகாரம் வைக்காத எல்லா உரையாடல்களும் ஒரே திசையில்தான் போகின்றன. இருவரில் யாருடைய அயல்மொழி வலுவாக இருக்கிறதோ, பேச்சு அந்த மொழிக்குச் சரிந்துவிடும். அவருடைய ஆங்கிலம் என் இத்தாலியத்தைவிட நன்றாக இருந்தால், நான் ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போது அவர் உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார். பிறகு திரும்புவது கடினம். அதனால் முதல் அரை மணி இத்தாலியம், மணி ஒலித்ததும் அடுத்த அரை மணி ஆங்கிலம். வலுக்குறைந்த மொழி முதலில் வருவதும் முக்கியம். களைத்த பிறகு வாய் எளிய வழியைத்தான் தேடும். எதைப் பற்றிப் பேசுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வோம். ஒரே கட்டுரையை இருவரும் படித்துவிட்டு வந்தால் தேவையான சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கும். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்தால், குடும்பம், வேலை, வானிலை என்று அறிமுகப் பேச்சையே ஒவ்வொரு வாரமும் அரைத்துக்கொண்டிருப்போம்.

திருத்தங்களைப் பற்றியும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தித் திருத்தினால் பேச்சு செத்துவிடும். மரியாதைக்காகத் திருத்தாமலே விட்டால் அழைப்புக்கே அர்த்தமில்லை. பேசவிட்டுவிட்டு, பிழைகளை அரட்டைப் பெட்டியில் எழுதிவைத்து, இறுதியில் ஐந்து நிமிடம் அவற்றைப் பார்ப்பது எங்களுக்கு ஒத்துவந்தது. எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்வேன். நமக்கு மெல்லினத்தை அடுத்த வல்லினம் தானாகவே மென்மையாக ஒலித்துவிடும். இத்தாலியத்தில் 'எவ்வளவு' என்பதற்கும் 'எப்போது' என்பதற்கும் உள்ள இரு சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'குவாந்தோ'தான்; அவர்கள் காதுக்கோ இரண்டும் வேறு வேறு. இந்த ஓர் ஒலியை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் மறுப்பவர் இல்லை. ஒற்றிரட்டும் சொற்களில் நமக்குக் கவலை வேண்டாம். 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் திணறும் இந்த இடம், பலியும் பல்லியும் அறிந்த நமக்கு விளையாட்டு.

என் துணைகளில் ஒருவர் போலோன்யாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. இத்தாலியத்தில் 'லெய்' மரியாதைப் பன்மை போல, 'தூ' நம் 'நீ' போல. இணையத்தில் பழகும் சம வயதினர் முதல் செய்தியிலிருந்தே 'தூ'தான். இவரிடம் நான் 'லெய்' என்றே பேசினேன். இரண்டாவது அழைப்பில் 'தூ' என்றே பேசலாமே என்றார். அம்மா வயதுடையவரை ஒருமையில் அழைக்க நாக்கு எழவில்லை. எனினும் 'தூ'வுக்கு மாறலாம் என்று சொல்ல வேண்டியவர் வயதில் மூத்தவர், சொன்ன பின்பும் விலகி நிற்பது அவரைத் தள்ளிவைப்பது போலாகும். பழகிக்கொண்டேன். அவருக்கு வேண்டியிருந்தது வெளிநாட்டில் வளரும் பேரக்குழந்தைகளோடு பேச ஆங்கிலம். பாடத்திட்டம் எதுவுமில்லாமல் கதை சொல்லப் பழக விரும்பினார். எனக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு அமைந்திருக்க முடியாது.

ஒருவரோடு மட்டும் நிற்காமல் வெவ்வேறு ஊர்க்காரர்களோடு பேசுவது காதுக்கு நல்லது. ஃப்ளாரன்ஸ்காரர் 'ல காஸா' என்பதை 'ல ஹாஸா' என்கிறார். சிசிலிக்காரர் காலையில் நடந்ததைக்கூடப் 'பஸ்ஸாத்தோ ரெமோத்தோ' என்னும் தொலை இறந்தகாலத்தில் சொல்கிறார். வடக்கே பேச்சில் அந்தக் காலத்தைக் கேட்பதே அரிது, நெடுங்காலத்துக்கு முன் நடந்ததையும் 'பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ' என்னும் அண்மை இறந்தகாலத்திலேயே முடித்துவிடுவார்கள். சுவிட்சர்லாந்தின் தீச்சீனோ மாநிலத்தவர் கைபேசியை 'நாத்தெல்' என்பார். தொடக்க நிலையில் இவை குழப்பும். பி1 தாண்டியவர்களுக்குச் சுவை.

நேரம் குறிக்கும்போது இரண்டு விஷயங்கள். இத்தாலியில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி பின்னும் நகர்த்துகிறார்கள். கடிகாரத்தை மாற்றாத நாட்டில் இருப்பவர்கள் அந்த வாரங்களில் நேரத்தை மறுபடி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆகஸ்டில், குறிப்பாக ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை வரும் 15ஆம் தேதியையொட்டி, நாடே கடற்கரைக்குப் போய்விடும். அப்போது பதில் வரவில்லை என்றால் உறவு முறிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

டிஸ்கார்ட் என்ற குழு அரட்டைச் செயலியின் குரல் அறைகளையும் பார்த்தேன். நன்றாகப் பேசுபவர்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும் பயிற்சிக்கு உதவும், பேசும் பயிற்சிக்கு அவ்வளவாக உதவாது. 2007இல் தொடங்கிய ஐடாக்கி போன்ற தளங்களில் கட்டணம் செலுத்திப் பேசுவது வேறு வகை. அங்கே முறையான ஆசிரியர்களும் உண்டு, உரையாடலுக்கென்றே இருக்கும் பயிற்றுநர்களும் உண்டு. பின்னவர்களிடம் கட்டணம் பொதுவாகக் குறைவு. பணம் கொடுக்கும்போது அந்த நேரம் முழுவதும் நம்முடையது, பதிலுக்கு ஆங்கிலம் கொடுக்க வேண்டியதில்லை. சியெனாவில் உள்ள வெளிநாட்டினருக்கான பல்கலைக்கழகத்தின் ச்சில்ஸ் அல்லது பெரூஜாவில் உள்ள அதேபோன்ற பல்கலைக்கழகத்தின் ச்செலி என்னும் இத்தாலிய மொழித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வாய்மொழிப் பகுதிக்கு ஓர் ஆசிரியரையே வைத்துக்கொள்வது நல்லது. தேர்வுக்கு என்ன கேட்பார்கள் என்று பரிமாற்றத் துணைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

துணைகள் நிலைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை கிடைத்துவிடும், தேர்வு முடிந்துவிடும், காதல் வந்துவிடும். எனவே ஒரே நேரத்தில் இரண்டு பேரோடாவது வழக்கமாகப் பேசிக்கொண்டிருப்பேன். ஒருவர் அழைப்புகளைத் தள்ளிப்போடத் தொடங்கினால் மூன்றாமவருக்கு எழுத ஆரம்பித்துவிடுவேன். நேர்முகத் தேர்வுக்காகப் பேச வந்த மிலான்காரர் வேலை கிடைத்ததும் விடைபெற்றார். தன்னைப் போலவே தேர்வுக்குத் தயாராகும் தோழி ஒருத்திக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தோழியோடுதான் பேசுகிறேன்.