கார்க் நகரில் வண்டிக்கு ஓய்வு: பயண நாட்குறிப்பு

ஜூன் 15, 2024, சனி

பிரான்சின் ரொஸ்கோஃபிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஓரிரவுக் கப்பல். விடிந்தால் அயர்லாந்தின் கார்க் நகருக்கு அருகே ரிங்காஸ்கிடி துறைமுகம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா வட்டமான ஷெங்கனில் அயர்லாந்து இல்லை. ஷெங்கன் விசா கையில் இருந்தாலும் ஐரிஷ் விசாவைத் தனியாக எடுத்தாக வேண்டும்.

கப்பலில் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, முதல் கியரில் விட்டு, பட்டையைச் சீட்டின் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் வேண்டாம். கப்பல் முன்னும் பின்னும் ஆடினால் வண்டி அதிலிருந்து உருண்டு இறங்கிவிடும். பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பழைய துண்டை வைத்தால் சீட் உறை கிழியாது. கப்பல் கிளம்பியதும் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் இரவுக்கு வேண்டியதைச் சிறு பையில் எடுத்துக்கொண்டு ஏறுவது நல்லது. காலையில் இறங்கும்போது ஈர இரும்புத் தளம் வழுக்கும். அங்கே முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கிலேயே மெதுவாக உருட்ட வேண்டும்.

இங்கே இடப்பக்கப் போக்குவரத்து. ஐரோப்பியக் கண்டத்தில் வாங்கிய வண்டியின் ஹெட்லைட் வலப்பக்கம் உயர்ந்து அடிக்கும், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். கண்ணாடியில் ஒட்டும் மறைப்பு வில்லையைக் கரையேறும் முன்பே ஒட்டிவிட வேண்டும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருந்தாலும் மழை வந்தால் பகலிலும் விளக்கு வேண்டும்.

துறைமுகத்திலிருந்து என் 28 (N28) தேசியச் சாலையில் நகரம் பக்கம்தான். நகருக்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டியது பேருந்துத் தடம். அயர்லாந்துக் குடியரசில் மோட்டார் சைக்கிள் அதில் போகக் கூடாது. வட அயர்லாந்தில் போகலாம் என்பதால் அங்கிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். செயின்ட் பேட்ரிக் தெருவில் மாலை 3 முதல் 6.30 வரை தனியார் வாகனங்களுக்கு வழி கிடையாது. நண்பர் வீடு வடகரை மேட்டில். அவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியதோடு சரி, மீதியெல்லாம் நடைதான். கார்க்கை நடந்துதான் பார்க்க வேண்டும்.

நகர மையம் லீ ஆற்றின் இரு கிளைகளுக்கு இடையே உள்ள தீவு. பேட்ரிக் தெரு, கிராண்ட் பரேடு, சவுத் மால் மூன்றுமே பதினெட்டாம் நூற்றாண்டில் படகு போன கால்வாய்கள். பிறகு மூடித் தெருவாக்கினார்கள். பேட்ரிக் தெரு வளைந்து போவது ஆறு வளைந்த வளைவு. சவுத் மாலில் சில பழைய வீடுகளின் வாசலுக்குப் படியேறிப் போக வேண்டும். படிக்கு அடியில் தெரு மட்டத்தில் இருக்கும் கதவு, வணிகர்கள் படகை உள்ளே விட்ட அறையுடையது. நண்பர் காட்டாமல் இருந்தால் இதைக் கவனிக்காமல் கடந்திருப்போம்.

சனிக்கிழமையே இங்கிலிஷ் மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டும், ஞாயிறு விடுமுறை. 1788 முதல் நடக்கும் சந்தை. கார்க்குக்கே உரிய பண்டம் டிரிஷீன்: மாட்டு இரத்தமும் ஆட்டு இரத்தமும் சேர்த்துச் செய்யும் மென்மையான இரத்த சாசேஜ். மாட்டு இரைப்பையோடு பாலும் வெங்காயமும் சேர்த்து வேகவைத்துச் சாப்பிடுவார்கள். நம் இரத்தப் பொரியலின் காரத்தை எதிர்பார்க்காதீர்கள், மிளகும் உப்பும் மட்டும்தான். ‘பட்டர்டு எக்ஸ்’ கேட்டு வாங்குங்கள்: இட்ட சூடு ஆறும் முன் முட்டை ஓட்டில் வெண்ணெய் தடவினால் ஓட்டின் நுண்துளைகள் அடைபடும், முட்டை நாள்பட இருக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

வடகரையின் ஷாண்டன் பகுதி. புனித ஆன் தேவாலயம், 1722. கோபுரத்தின் இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணக்கல். உச்சியில் தங்க நிற சால்மன் மீன், காற்றுத் திசைகாட்டி. 132 படிகள், மேலே போகப்போகக் குறுகும். ஹெல்மெட்டும் தோள் பையும் வேண்டாம். முதல் தளத்திலேயே எட்டு மணிகளின் கயிறுகள் இருக்கின்றன. எண்கள் எழுதிய அட்டையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் இழுத்துப் பாட்டு வாசிக்கலாம். அதற்கு மேலே ஏறுபவர்கள் காது மூடியை மாட்டிக்கொள்ள வேண்டும். நான்கு முகக் கடிகாரத்தில் நான்கும் ஒரே நேரம் காட்டாது. ஊர் அதை ‘நான்முகப் பொய்யன்’ என்றே அழைக்கிறது.

கீழே வெண்ணெய் அருங்காட்சியகம். 1770இல் தொடங்கிய கார்க் வெண்ணெய்ச் சந்தை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகிலேயே பெரியது. கெர்ரி மலைகளிலிருந்து மரப்பீப்பாய்களில் வெண்ணெய் வந்த சாலை 1748இல் போட்டது. இன்றும் மில்ஸ்ட்ரீட் பக்கம் மேடு பள்ளம் பாராமல் நேர்கோடாக ஓடுகிறது. வண்டி ஓட்டுபவர்கள் ஒருமுறை போக வேண்டிய சாலை.

வடகரைத் தெருக்கள் செங்குத்து, பேட்ரிக் ஹில் அவற்றில் கடுமையானது. பின்னால் ஆளும் பெட்டிகளும் இருந்தால் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இடது காலைத் தரையிலும் வலது காலைப் பின் பிரேக்கிலும் வைத்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் பிரேக்கை விட வேண்டும். முன் பிரேக்கில் நிறுத்தி, அதே கையால் திராட்டிலையும் திருகுவது சுமையோடு சிரமம். நிறுத்தும்போது முகம் ஏற்றத்தைப் பார்க்கட்டும், முதல் கியரில் விடுங்கள். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டி முன்னால் உருண்டு சைடு ஸ்டாண்ட் மடங்கும்.

ஆற்றங்கரையில் நிறுத்துபவர்கள் அலை அட்டவணையைப் பார்க்க வேண்டும். லீ இங்கே கடல் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மட்டம் மிக உயரும் நாளில் தென்கிழக்குக் காற்றும் சேர்ந்தால் தாழ்ந்த கரைகளில் தண்ணீர் ஏறும். 2009 நவம்பர் வெள்ளம் வேறு வழியில் வந்தது: மேலே இனிஸ்காரா அணையிலிருந்து திறந்த நீர்.

ஜூன் 17, திங்கள்

காலையில் கென்ட் நிலையத்திலிருந்து ரயிலில் கோவ். டைட்டானிக் கடைசியாகத் தொட்ட துறைமுகம், 1912 ஏப்ரல் 11.

மாலை வண்டி வேலை. கப்பலில் படிந்த உப்பை நல்ல நீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் குழாயைச் சக்கர பேரிங் மீதும் செயினின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மீதும் அடித்தால் கிரீஸ் வெளியேறி நீர் உள்ளே போகும். எங்கள் வண்டியான சுசுகி வி-ஸ்ட்ரோம் 650 செயினின் தளர்வு 20 முதல் 30 மி.மீ. செயின் எங்கும் ஒரே அளவில் தேயாது, அதனால் சக்கரத்தைச் சுற்றி இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் பின் சஸ்பென்ஷன் அமுங்கிச் செயின் இன்னும் இறுகும். 20க்குக் கீழே வைத்தால் முன் ஸ்ப்ராக்கெட் பக்க பேரிங் கெடும். எண்ணெயைச் செயினின் உள்பக்கத்தில் பூசி இரவு முழுக்க விடுவது நல்லது. இரண்டு பேர் போகும்போது டயர் காற்று குளிர்ந்த நிலையில் முன்னே 33, பின்னே 41 பி.எஸ்.ஐ.

ஜூன் 18, செவ்வாய்

மேற்கே போக என் 22 (N22) தேசியச் சாலை வேகம், ஆர் 618 (R618) வட்டாரச் சாலை அழகு. இரண்டாவது சாலை லீயின் வடகரையோடு டிரிப்சி, கோச்ஃபோர்ட் வழியே மக்ரூம் போகிறது. மக்ரூம் அருகே ஆர் 584இல் திரும்பியதும் கியராக்: 1950களில் நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடித்த ஆற்றங்கரைக் காடு, அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. இதே சாலையில் பாலிங்கியரி தாண்டிக் கிளை பிரிந்தால் கூகன் பாரா ஏரி, லீ பிறக்கும் இடம்.

கெய்மனேய் கணவாயைக் கடந்து பான்ட்ரி வந்தவர்கள் டரஸ் வழியாக அஹகிஸ்டாவுக்கும் போய்வர வேண்டும். 1985 ஜூன் 23 அன்று இந்தக் கடலுக்கு மேலே வெடித்த ஏர் இந்தியா 182இல் இறந்த 329 பேருக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் அதே நாளில் உறவினர்களும் ஊராரும் கூடுகிறார்கள்.

அடுத்தது ஹீலி கணவாய், ஆர் 574, ஏட்ரிகோலிலிருந்து லாரா வரை. கொண்டை ஊசி வளைவுகளில் ஆடுகள் படுத்திருக்கும், ஓரத்தில் சரளை சேர்ந்திருக்கும். பெட்ரோலை பான்ட்ரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் பெட்ரோல் பிடி பச்சை, டீசல் கறுப்பு.