கரண்ட் வந்ததும் தானாக ஓட வேண்டும்: தொட்டி அளவியோடு ஒரு வாரம்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ராஸ்ப்பெர்ரி பை 3பி என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். மூடியில் பொருத்திய அல்ட்ராசோனிக் சென்சாரை வைத்து, ஒரு சின்ன பைத்தான் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தைப் பதியும். தண்ணீர் குறைந்தால் அம்மாவின் போனுக்குச் செய்தி போகும். முழங்கால் வலியோடு அவர் மாடியேறி மூடியைத் திறந்து பார்ப்பது நின்றதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கரண்ட் போய் வந்தால் நிரல் நின்றுவிடும். சாயங்காலம் நான் வந்து ஓட்டிவிடும்வரை அவர் மறுபடி படியேற வேண்டியதுதான்.

சனிக்கிழமை முதலில், குறித்த நேரத்தில் அல்லது பூட் ஆனதும் நிரலை ஓட்டும் கிரானில் எழுதிப் பார்த்தேன். ஓடவில்லை, நிரலுக்குத் தேவையான பைத்தான் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. முழுப் பாதையைக் கொடுத்தால் ஓடும்தான். ஆனால் நிரல் நடுவில் நின்றால் கிரான் திரும்ப எழுப்பாது. அதனால், நிரல்களைத் தொடங்கி, விழுந்தால் திரும்ப எழுப்பவும் தெரிந்த லினக்ஸின் சிஸ்டம்டிக்கே போனேன்.

எந்த நிரலை எப்படி ஓட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பு பத்து வரிகூட இல்லை. நான் தடுக்கியது ஒரு இடத்தில்: ‘ஸ்டார்ட்’ கொடுத்தேன், அழகாக ஓடியது, ரீபூட் செய்தால் காணோம். ஸ்டார்ட் என்பது இப்போது ஓட்டுவதற்கு மட்டும். அடுத்த பூட்டிலும் வர வேண்டுமானால் ‘எனேபிள்’ தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பைத்தானை ‘-யூ’ சேர்த்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பிரிண்ட் செய்வதெல்லாம் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கி, சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் ஒன்றுமே தெரியாது.

ஞாயிறு நான்கு முறை ரீபூட் செய்தேன். நான்கு முறையும் தானாக வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நிஜமாகவே கரண்ட் போனது. வந்த பிறகு சர்வீஸ் செத்துக் கிடந்தது. ஜர்னலைப் படித்ததும்தான் புரிந்தது: நான் ரீபூட் செய்தபோதெல்லாம் ரவுட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே அணைகின்றன, பை முதலில் எழுந்துவிடுகிறது. நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று ‘நெட்வொர்க்-ஆன்லைன்’ டார்கெட்டைச் சேர்த்திருந்தேன் (டார்கெட் என்பது பூட்டில் ஒரு கட்டத்தை எட்டியதைக் குறிக்கும் பெயர்). அந்தக் காத்திருப்பு ஒரு நிமிடம்தான். எங்கள் ரவுட்டருக்கு அதற்கு மேல் ஆகும். அப்புறம் நிரல் செய்தி அனுப்ப முடியாமல் விழுந்தது. சிஸ்டம்டி உடனே எழுப்பியது, மறுபடி விழுந்தது. பத்து விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கியும் நிரல் விழுந்துகொண்டே இருந்தால் அது கைவிட்டுவிடும். மறுபடி எழுப்பும் முன் எவ்வளவு காத்திருப்பது என்பதை ‘ரீஸ்டார்ட்செக்’ வரியில் எழுதாவிட்டால் இடைவெளி 0.1 விநாடிதான் என்பதால் அந்த ஐந்தும் நொடியில் தீர்ந்திருக்கின்றன.

அந்த இடைவெளியை 30 விநாடி ஆக்கினேன். செய்தி போகாவிட்டாலும் அளவைத் தொடர்ந்து பதியும்படி நிரலையும் திருத்தினேன். இந்தத் திருத்தம் அடுத்த சிக்கலை வெளியே கொண்டுவந்தது. வியாழக்கிழமை கரண்ட் வந்ததும் பதிந்த முதல் அளவில், கரண்ட் போன நேரமே இருந்தது. இந்தப் பையில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் வந்த பிறகுதான் சரிசெய்துகொள்ளும். தப்பான நேரத்தோடு ஒரு அளவு இருப்பதைவிட அந்த அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் எண்ணம். எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கே தப்பான நேரத்தால் குலைந்துவிடும். அதனால் கடிகாரம் சரியானதைக் குறிக்கும் ‘டைம்-சிங்க்’ டார்கெட்டுக்குப் பிறகு தொடங்கும்படி மாற்றினேன். அந்த டார்கெட்டை மட்டும் எழுதினால் போதாது, ‘சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்’ சர்வீஸையும் எனேபிள் செய்ய வேண்டும். அப்போதுதான் நேரம் உண்மையாகவே சரியாகும்வரை காத்திருக்கும்.

இந்த முறை ரீபூட் செய்து சோதிக்கவில்லை. வீட்டு மெயினையே அணைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். மூன்றாவது நிமிடத்தில் சரியான நேரத்தோடு முதல் அளவு வந்தது.