குட்டிக்கரணத்தில் பிறந்த மரப்பையன்

நேற்று ராத்திரி 'பினோக்கியோ' பார்த்தேன். 1911-ல் ரோமின் சினெஸ் நிறுவனம் எடுத்த மௌனப்படம், மீட்டெடுத்த பிரதி. இயக்கம் ஜூலியோ அந்தமோரோ. மரப்பையன் பினோக்கியோவாக வருபவர் சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை ஃபெர்டினாண்ட் கில்லாம். சின்னப் பையன் இல்லை, இருபதைத் தாண்டிய ஆள்!

ஆரம்பத்தில் டிப்டாப்பாகத் திரைச்சீலைக்கு முன் வந்து வணக்கம் வைக்கிறார். ஒரு குட்டிக்கரணம், அவ்வளவுதான், பினோக்கியோவாகி நிற்கிறார். காட்சியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

அப்புறம் கதை எங்கெங்கோ போகிறது. மூலக் கதையை எழுதிய கொல்லோடியின் புத்தகத்தில் இல்லாத செவ்விந்தியர்கள் வருகிறார்கள். காப்பாற்றக் கனடா சிப்பாய்கள் வேறு! ஏன் என்று கேட்கக் கூடாது. எனக்கு அந்தக் குளறுபடிதான் ரொம்பப் பிடித்தது.